விரல்களைப் பார்க்காத குச்சி

கியோட்டோ,
17 ஏப்ரல் 2005

அன்புத் தம்பி இசாமுவுக்கு,

இங்கே செர்ரிப் பூவெல்லாம் கொட்டி முடிந்து, சாக்கடை ஓரம் இளஞ்சிவப்பாகக் கிடக்கிறது. ஷியோகாமாவில் இப்போதுதான் மொட்டு விட்டிருக்கும். நீயும் கயோகோவும் சுகமா? சூரை மீன் வெட்டி வெட்டி உனக்கு வந்த தோள்வலி எப்படி இருக்கிறது? எனக்குக் கண் எரிச்சலைத் தவிர ஒரு குறையும் இல்லை.

ஒரு உதவி வேண்டும். எங்கள் நிறுவனம் புது வீடியோ கேம் ஒன்று செய்கிறது. பொத்தானை அமுக்கும் வேலை இல்லை. கையில் ஒரு குச்சியைப் பிடித்து ஆட்டினால் திரையில் இருக்கும் ஆளும் அப்படியே ஆட்டுவான். அந்தக் கை அசைவுகளை உண்டாக்குவதுதான் என் வேலை. எனக்கு ஒரு முறை உண்டு. அசைவைத் தாளில் எழுதிக் கொடுப்பேன். படிக்கிறவர் அதைப் பார்த்தே செய்துவிட வேண்டும். நான் செய்து காட்ட வேண்டியிருந்தால் அது தோற்றுப்போன அசைவு. அலுவலகத்தில் எல்லோரும் என் கையைப் பார்த்தே பழகிவிட்டதால் அவர்களை வைத்துச் சோதிக்க முடியவில்லை. வாழ்நாளில் கேம் பக்கமே போகாத ஆள் வேண்டும். உன்னை விட்டால் யார்?

சோற்றுக் கரண்டியை எடுத்துக்கொள். எழுந்து நில். கரண்டியைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசி, சட்டென்று நிறுத்து. தூண்டில் போடுகிறாய் என்று வைத்துக்கொள். எப்படி இருந்தது என்று எழுது. பயப்படாதே, என் கையில் பலமுறை செய்து பார்க்காத எதையும் உனக்கு அனுப்ப மாட்டேன். வலிக்கிற அசைவு அசைவே இல்லை.

நாயைக் கூப்பிட ஒன்று செய்திருந்தேன். படகுத்துறையிலிருந்து அம்மா நம்மைக் கூப்பிடுவாளே, உள்ளங்கையைக் கீழே காட்டி, நான்கு விரலையும் தன் பக்கம் மடக்கி மடக்கி, அதுதான். தள்ளிவிட்டார்கள். மணிக்கட்டு திரும்பினால் குச்சிக்குத் தெரியும். விரல் மடங்கினால் தெரியாதாம்.

இது வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும். மின்னஞ்சலை அலுவலகத்தில் எட்டிப் பார்க்கிறார்கள், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு. கயோகோவைத் தவிர யாருக்கும் மூச்சு விடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
மிசாவோ


ஷியோகாமா,
8 மே 2005

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இப்போதுதான் பூ முடிந்தது. காற்றில் மீன் வாடையும் பூ வாடையும் கலந்து வருகிறது, எது எதென்று பிரிக்க முடியவில்லை. நாங்கள் நலம். என் தோள் உன் கண்ணைவிடப் பரவாயில்லை.

கரண்டியை நீ சொன்னபடியே வீசினேன். அது கையை விட்டுப் பறந்து, அப்பா படத்துக்கு முன்னால் வைத்திருந்த சோற்றுக் கிண்ணத்தைக் கவிழ்த்தது. கயோகோ அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "உங்க அக்காவுக்குச் சம்பளம் குடுத்து இதையா செய்யச் சொல்றாங்க?" என்றாள்.

பிறகு எனக்கு நிற்கவே சோம்பலாகிவிட்டது. நாள் முழுக்க நின்று மீன் வெட்டுகிறவன் வீட்டிலும் நின்று தூண்டில் போடுவானா? உட்கார்ந்துகொண்டு, முழங்கையைத் தொடையில் வைத்து, மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு சுண்டினேன். தூண்டில் போட்ட மாதிரியேதான் இருந்தது. இது போதாதா அக்கா? எதற்கு அவ்வளவு பெரிய வீச்சு?

இன்னும் அனுப்பு. பெரிய மனிதனாகிவிட்ட மாதிரி இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

இசாமு


கியோட்டோ,
5 ஜூன் 2005

அன்புத் தம்பிக்கு,

மழைக்காலம் வரப்போகிற புழுக்கம். நான் நலம். நீங்கள் இருவரும் நலம்தானே?

உன் சோம்பல் எங்கள் விளையாட்டையே புரட்டிப் போட்டுவிட்டது. ஆறு மாதமாக வீரன் மாதிரி கை வீச வைத்துக்கொண்டிருந்தோம். எல்லா வீட்டிலும் ஆட்கள் நாற்காலியில் சாய்ந்துதான் விளையாடுவார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மணிக்கட்டுச் சுண்டலைக் காட்டியதும் எங்கள் பிரிவுத் தலைவர் குராமொச்சி எழுந்து நின்றுவிட்டார். யார் யோசனை என்று கேட்டார். என்னுடையது என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

அடுத்தது வாணலி. கரண்டியைத் தொப்புள் உயரத்தில் பிடித்துக்கொள். உன் பக்கம் இழுத்து, மேலே ஒரு வெட்டு வெட்டி, கீழே வந்து தாங்கு. முட்டையடை புரண்டு விழவேண்டும். உடனே எழுது. கிழிக்க மறக்காதே.

மிசாவோ


19 ஜூலை 2005

அன்புள்ள அக்காவுக்கு,

மழைக்காலம் முடிந்தது. நாங்கள் நலம். உன் நலத்துக்கு வேண்டுகிறோம்.

வாணலி அசைவு நன்றாக இருக்கிறது. குறை ஒன்றும் இல்லை.

வெயிலில் அலையாதே.

இசாமு


கியோட்டோ,
21 ஆகஸ்ட் 2005

அன்புத் தம்பிக்கு,

முன்னோர் திருநாளுக்கு இந்த வருடமும் வர முடியவில்லை. அப்பா அம்மா கல்லறைக்கு என் பங்குக்கும் தண்ணீர் ஊற்றியிருப்பாய். நீங்கள் சுகமா?

டோக்கியோ கண்காட்சியில் கவாசாகிக்காரர்கள் தங்கள் கேமைக் காட்டினார்கள். கவாசாகி நகரத்தில் இருந்துகொண்டு எங்களோடு மோதும் நிறுவனம் அது. அவர்கள் கையிலும் ஒரு குச்சி. மேடையில் ஒரு பெண் உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் வைத்து, மணிக்கட்டைச் சுண்டித் தூண்டில் போட்டாள். நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன்.

மறுநாள் குராமொச்சி எல்லோரையும் உட்கார வைத்துக் குரலை உயர்த்தாமலே கேட்டார். "ஆபீஸ்ல இருந்து போகலன்னா வேற எங்கேர்ந்து போகும்? வீட்டுல யார்கிட்டயாவது சொன்னீங்களா? அண்ணன், தம்பி, யாராவது?" தம்பி என்னும்போது என்னைத்தான் பார்த்தார் என்று தோன்றியது. இல்லை என்று தலையாட்டினேன்.

சும்மா கேட்கிறேன். உன் ஜூலைக் கடிதம் அச்சடித்து வந்திருந்ததே, ஏன்? உன் கோணல் எழுத்தைப் பார்த்தே பழகிய எனக்கு அதைப் படிக்க வங்கிக் கடிதம் மாதிரி இருந்தது. அஞ்சல் முத்திரை வேறு கவாசாகி. அங்கே உனக்கு யாரைத் தெரியும்?

சும்மாதான் கேட்டேன். ஆறிய பார்லித் தண்ணீர் குடித்து உடம்பைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்.

மிசாவோ


ஷியோகாமா,
25 செப்டம்பர் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

காற்று குளிர்ந்துவிட்டது. சௌரி மீன் வரத் தொடங்கிவிட்டது. நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய்? பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள்.

அச்சடித்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. புத்தாண்டு அட்டை அடிக்கக் கயோகோ ஓர் அச்சுப்பொறி வாங்கினாள். சும்மா கிடக்கிறதே என்று பயன்படுத்துகிறோம். கவாசாகிக்குக் கடை வேலையாகப் போனேன். இன்னும் சில தடவை போக வேண்டியிருக்கும்.

அடுத்த அசைவு எங்கே? ஏன் நிறுத்திவிட்டாய்? ஒன்றல்ல, நான்கைந்தாக அனுப்பு. எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது. தினமும் செய்கிறேன். மணிக்கட்டு திரும்புகிற மாதிரி ஏதாவது இருந்தால் ரொம்ப நல்லது.

இசாமு


கியோட்டோ,
10 அக்டோபர் 2005

அன்புத் தம்பிக்கு,

மலையெல்லாம் சிவக்க ஆரம்பித்துவிட்டது. நான் நலம். நீயும் கயோகோவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

புத்தாண்டு அட்டை அடிக்க ஜூலையிலேயே அச்சுப்பொறி வாங்குகிற குடும்பத்தை இப்போதுதான் பார்க்கிறேன். கயோகோ கெட்டிக்காரிதான்.

நீ கேட்டபடி மணிக்கட்டு அசைவு ஒன்று அனுப்புகிறேன். புதையல் பெட்டியின் பூட்டைத் திறக்க. விளையாட்டிலேயே முக்கியமான இடம் இதுதான். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள். கரண்டியைத் தலைகீழாகப் பிடி. மணிக்கட்டை வெளிப்பக்கம் முறுக்கு. முறுக்கிக்கொண்டே கையை மேலே தூக்கு. அவ்வளவுதான்.

இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். அலுவலகத்தில் ஒருவரிடமும் இன்னும் காட்டவில்லை. உன்மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறேன் என்று இதிலேயே உனக்குத் தெரிய வேண்டும்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

மிசாவோ


ஷியோகாமா,
3 நவம்பர் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் உறைபனி விழுந்தது. நாங்கள் நலம். உனக்குக் கண் எரிச்சல் குறைந்ததா?

பூட்டு கொஞ்சம் சிரமமாக இருக்கிறது. முறுக்கும்போது வலிக்கிறது. குறை என் கையில்தான் இருக்கும், உன் அசைவில் இருக்காது. காலையில் ஒருமுறை, குளித்தபின் ஒருமுறை செய்கிறேன். பழகினால் வந்துவிடும்.

நம்பிக்கை பற்றி எழுதியிருந்தாய். இதுவரை நீ அப்படி எழுதியதே இல்லை.

இசாமு


கியோட்டோ,
18 டிசம்பர் 2005

இசாமுவுக்கு,

குளிர் கடுமையாக இருக்கிறது. நலம் என்று நினைக்கிறேன்.

நேற்றுக் கவாசாகிக்காரர்கள் கடைக்காரர்களுக்கு மட்டும் ஒரு முன்னோட்டம் காட்டியிருக்கிறார்கள். அதை ஒளிப்பதிவில் பார்த்தேன். அதே அசைவு. விலாவோடு ஒட்டிய முழங்கை. தலைகீழ்க் குச்சி. வெளிப்பக்க முறுக்கு.

அது பொய் அசைவு. எங்கள் விளையாட்டில் புதையல் பெட்டியே கிடையாது. உனக்காகவென்றே உண்டாக்கினேன், உனக்கு மட்டும் எழுதினேன். அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க நினைத்தேன். போய்ச் சேர்ந்துவிட்டது.

உன் பெயரைக் குராமொச்சியிடம் கொடுத்துவிட்டேன். நான் உனக்கு எழுதியதையும் ஒப்புக்கொண்டேன். "பாவம், சொந்தத் தம்பியா?" என்று எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். புத்தாண்டு கழிந்ததும் நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வருவார்கள். இருப்பதை அவர்களிடம் கொடுத்துவிடு. என் வேலை இருக்குமா என்று வசந்தத்தில் தெரியும்.

ஏன் செய்தாய் என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ ஏதாவது சொல்வாய், நான் நம்பிவிடுவேன். இனி எழுதாதே.

கயோகோவைப் பார்த்துக்கொள்.

மிசாவோ


ஷியோகாமா,
22 ஜனவரி 2006

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

கடுங்குளிரில் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களிடமிருந்து இந்த வருடம் புத்தாண்டு அட்டை வரவில்லை. அந்த அட்டைக்காக உங்கள் தம்பி தினமும் வாசல் பெட்டியைத் திறந்து பார்த்தார். அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். மன்னியுங்கள்.

கறுப்பு மேல்சட்டை போட்ட இரண்டு பேர் வந்தார்கள். நீங்கள் கிழிக்கச் சொன்ன கடிதம் ஒன்றைக்கூட அவர் கிழிக்கவில்லை. அடுக்களை அலமாரிக் கதவில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தார். ஒன்றொன்றாக உரித்துக் கொடுத்தார். கேட்டதற்கெல்லாம் தலை குனிந்து பதில் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன்.

ஜூன் மாதக் கடைசியில் மீன் வெட்டும்போது கத்தி வழுக்கி அவருடைய வலது கையில் இறங்கியது. விரல்களை மடக்கும் தசைநார்கள் அறுந்துவிட்டன. கைக்கென்றே இருக்கும் மருத்துவர் கவாசாகியில் இருக்கிறார். அங்கேதான் அறுவை நடந்தது. இன்னமும் பயிற்சிக்குப் போய் வருகிறோம். அவரால் பேனா பிடிக்க முடியாது. அவர் சொல்லச் சொல்ல அச்சடித்தவள் நான். அந்த அச்சுப்பொறி பக்கத்து வீட்டுக்காரருடையது.

உங்களுக்குத் தெரிவிப்போம் என்று நான் கெஞ்சினேன். "சொன்னா அசைவு அனுப்பறத நிறுத்திடுவா. ஆஸ்பத்திரியில சொல்லித்தர்றது எனக்குப் பிடிக்கல. அக்கா அனுப்பறதச் செஞ்சாதான் கை அசையுது" என்றார். மணிக்கட்டை அசைக்கச் சொல்லி மருத்துவரும் சொல்லியிருந்தார். அதனால்தான் இன்னும் அனுப்பு, இன்னும் அனுப்பு என்று கேட்டார்.

நீங்கள் அனுப்பிய பூட்டை ஒரு மாதம் செய்தார். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். மணிக்கட்டு வீங்கி, பயிற்சியையே சிறிது நாள் நிறுத்த வேண்டியதாயிற்று. அது பொய் என்று உங்கள் கடிதத்தில் படித்தபோது நான் அழுதேன். அவர் அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயோகோ


கியோட்டோ,
12 பிப்ரவரி 2006

அன்புத் தம்பிக்கு,

கை எப்படி இருக்கிறது? வேறு எதைக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. கயோகோ எழுதிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உன்னிடமிருந்து வாங்கி வந்த கடிதங்களை என் முன்னால் போட்டு, நான் எழுதியவைதானா என்று கேட்டார்கள். பூட்டுக் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். ஏதோ உறுத்தியது. கவாசாகிக்காரர்களின் ஒளிப்பதிவை மறுபடியும் போடச் சொன்னேன். அவர்கள் அசைவில் கை மேலே போனதும் ஒரு சின்ன உதறல் இருந்தது. என் கடிதத்தில் உதறல் இல்லை.

அது என் உதறல், இசாமு. உனக்கு எழுதுவதற்கு முந்தின நாள், சாப்பாட்டு நேரத்தில் சோதனை அறை காலியாக இருந்தபோது, உண்மைக் குச்சியைப் பிடித்து அந்தப் பொய்யை ஒருமுறை செய்து பார்த்தேன். வலி தாங்காமல் கையை உதறினேன். அந்தக் குச்சி ஒவ்வொரு அசைவையும் பதிந்து வைத்துக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். நாள்தோறும் அதோடு வேலை செய்கிறவள் நான். உன்மேல் இருந்த சந்தேகத்தில் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

அந்தப் பதிவுகளைத் திறக்கும் உரிமை எனக்கும் குராமொச்சிக்கும் மட்டும்தான். வருகிற ஏப்ரலில் கவாசாகிக்காரர்களிடம் அவருக்காகப் பதவி நாற்காலி ஒன்று தயாராக இருந்ததாம். தூண்டிலைக் கொடுத்தவர் அவர்தான், பூட்டைக் கொடுத்தவரும் அவர்தான். நான் செய்ததென்றால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, வலியில் உதறியதையும் சேர்த்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நீ கடிதங்களைக் கிழிக்காததால்தான் இது வெளியே வந்தது.

வெளியாருக்கு எழுதியதற்காக எனக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். வேலை இருக்கிறது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

முத்திரையைப் பார்த்தேன், அச்சைப் பார்த்தேன், உன் கையை நினைக்கவில்லை. வலிக்கும் என்று தெரிந்த ஒன்றை உனக்கு அனுப்பினேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கத் துணிச்சல் இல்லை. கை எப்படி இருக்கிறது என்பதை மட்டும் எழுது.

மிசாவோ


ஷியோகாமா,
15 மார்ச் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

பனி உருகி வாசலெல்லாம் சேறு. நான் நலம், கயோகோ நலம். இது என் கையெழுத்துதான். முன்பைவிடக் கோணல் என்று சிரிக்காதே, இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆயிற்று.

உன் டிசம்பர்க் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். நவம்பரில் உனக்கு எழுதிய பிறகும் பூட்டு வசப்படவில்லை. என் கை கெட்ட கை, அதனால்தான் வலிக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள், எந்த இடத்தில் தப்பு செய்கிறேன் என்று பார்க்க, இடது கையில் செய்தேன். ஒரு கீறல்கூட இல்லாத நல்ல கை. அதிலும் அதே இடத்தில் வலித்தது.

அப்போதே புரிந்துவிட்டது. உன் கையில் செய்து பார்க்காத எதையும் நீ எனக்கு அனுப்ப மாட்டாய். அப்படியென்றால் இது வலிக்கும் என்று உனக்குத் தெரியும். தெரிந்தே அனுப்பியிருக்கிறாய். ஏன் என்று யோசித்தால், நீ என்னைச் சந்தேகப்படுகிறாய் என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. கரண்டியைக் கழுவி வைத்துவிட்டேன்.

நானும் கவாசாகிக்குக் கடை வேலையாகப் போனேன் என்று பொய் சொன்னவன்தான். நீ நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்பாய் கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ ஆளை அனுப்பினாய். அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது அக்கா, இல்லையென்று எழுத மாட்டேன். கயோகோவுக்கு என்னைவிட அதிகம். நீ வந்தால் அவள் தேநீர் தருவாள், பேச மாட்டாள். இரண்டு நாள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கை எப்படி என்று கேட்டாய். உன் முறைப்படியே பதில் எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே செய்து பார்.

கரண்டி வேண்டாம். எழுந்து நில். வலது கையை முன்னால் நீட்டு. உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். நான்கு விரலையும் உன் பக்கம் மடக்கு. விரி. மறுபடியும் மடக்கு.

சுண்டுவிரல் கொஞ்சம் தாமதமாக வருகிறது. மற்ற மூன்றும் சரியாக வருகின்றன. உங்கள் குச்சிக்கு இது தெரியாது.

வருகிற சனிக்கிழமை மதிய ரயில் நேரத்துக்கு ஷியோகாமா நிலையத்து வாசலில் நின்று இதைச் செய்யப் போகிறேன். எதிரே நீ வராவிட்டால், சும்மா கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறானே என்று ஊர் சிரிக்கும்.

உன் தம்பி
இசாமு